ஸ்ரொப் அன்ரியும் என் குழப்படிப் பட்டியலும்

“உனக்கோ? பள்ளிக்கூடத்தில பேர் மாறிக் குடுத்துவிட்டிருப்பாங்கள். வடிவாப் பார், பிள்ளை.”

இதைச் சொன்னவர் கிருபா அங்கிள். எங்கள் மாடியிலேயே மூன்று கதவு தள்ளிக் குடியிருந்தவர். அப்பாவின் நண்பர். எங்கள் வீட்டுக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் வாசித்துச் சொல்லும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டவர். எனக்கு அப்போது ஒன்பது வயது. வகுப்பு ரீச்சர் தந்துவிட்ட மண்ணிறக் கவரை அவர் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். கெட்டிக்காரப் பிள்ளைகளைத் தெரிந்தெடுத்து வேறு வகுப்பில் படிப்பிக்கும் ‘கிஃப்டெட்’ திட்டத்துக்கு ரீச்சர் என் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பதுதான் கவருக்குள் இருந்த செய்தி.

பெயர் மாறி வரவில்லை. ஆனால் அந்தக் கவர் எங்கள் சமையலறை மேசையிலேயே செத்துப் போயிருக்க வேண்டியது. அதைக் காப்பாற்றியவர் ஸ்ரொப் அன்ரி. ரொறொன்ரோ நகரத்தில் கையில் ஒரேயொரு பலகையை வைத்துக்கொண்டு மனிதரையும் வாகனத்தையும் ஒரு தடவை சாமியையும்கூட மறித்து வைத்தவர் அவரைத் தவிர வேறெவரும் இல்லை. இனிப் பிறக்கப் போவதும் இல்லை.

ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு தெரு ஓடியது. காலையும் மத்தியானமும் பின்னேரமும் பிள்ளைகளை அந்தத் தெருவைக் கடக்கவிடுவதுதான் அவருடைய வேலை. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. முழங்காலைத் தொடும் செம்மஞ்சள் மேலங்கி, காதை மூடிய கம்பளித் தொப்பி, கையில் ‘ஸ்ரொப்’ என்று எழுதிய எட்டு மூலைச் சிவப்புப் பலகை. அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். இங்கே எழுதினால் என்னை நடுத்தெருவில் மறித்து வைப்பார்.

ஒரு நாள் அவருடைய வேலையைப் பார்வையிட மேலதிகாரி ஒருவர் காரில் வந்தார். அந்தக் காரையே அன்ரி மறித்தார். சின்னப் பிள்ளை ஒன்று தெரு நடுவில் குந்தியிருந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தது. நாடா கட்டி முடியவில்லை. மேலதிகாரி ஹோர்ன் அடித்தார். அன்ரி கண்ணாடிக்குக் கிட்டப் போய், “யூ ஆல்சோ ஸ்மோல் பேபி வன் டைம், நோ?” என்று கேட்டார். மேலதிகாரி அதிர்ந்துபோய் எஞ்சினையே நிறுத்திவிட்டார்.

சாமியை மறித்தது கோயில் தேரன்று. பிளாசா ஒன்றின் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றித் தேர் வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் அன்னதானம். இந்தப் பக்கம் ஐந்து பிள்ளைகள். அன்ரியிடம் அன்று பலகை இல்லை. கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை உயர்த்திப் பிடித்தார். தேர் நின்றது. வடம் பிடித்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். ஐயர் வாய் திறந்தபடி பார்த்தார். “சாமிக்கு என்ன அவசரம்? பிள்ளையளுக்குப் பசிக்குதெல்லோ?” என்றார் அன்ரி.

பெரியவர்களுக்கு அவர் விசர் மனிசி. பிள்ளைகளுக்கு அதைவிட மோசமான ஒன்று, சோதனை. வாகனங்கள் ஓயும் வரை எங்களை நடைபாதையில் வரிசையாக நிற்பாட்டி, முன்னால் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்பார். “மழை விழேக்க சத்தம் கேக்குது, பனி விழேக்க ஏன் கேக்கேல்லை?” “உந்தச் சிவப்புக் கார்க்காரன் ஏன் காலமையிலேயே மூஞ்சையைத் தூக்கி வைச்சிருக்கிறான்?” எந்தப் பதிலும் சொல்லலாம். ‘தெரியாது’ என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். நான் அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனதற்கெல்லாம் ஒரே காரணம்தான். “தெருக் கடத்துகிறவர் மறித்துவிட்டார்” என்று நான் சொன்னபோது ரீச்சர் நம்பவில்லை. பிறகு ஒரு நாள் ரீச்சரையே அன்ரி மறித்தார். அதற்குப் பிறகு நம்பினார்.

ஒரு தடவை நான் திருப்பிக் கேட்டேன்.

“அன்ரி, உந்தப் பலகைக்கு ஏன் எட்டு மூலை?”

அவர் பலகையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. “இத்தினை வருசமா உதைத் தூக்கிறன், ஒரு குஞ்சும் கேக்கேல்லை. எனக்குத் தெரியாது மோனை” என்றார். சொல்லிவிட்டு மெல்ல நடந்து வரிசையின் கடைசியில், ஒரு கிண்டர்கார்டன் பிள்ளைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்களைக் கடத்திவிட ஒருவரும் இல்லை. இரண்டு பக்கமும் கார்கள் தாமாகவே நின்றன. ஓட்டுநர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் அன்ரியைப் பார்த்தோம். அவர் தன் முறை வரும்வரை அசையவில்லை.

இனி, கவருக்கு வருகிறேன்.

இலங்கையில் போர் முடிந்த வருடத்தின் இளவேனில் அது. எங்கள் வீட்டில் ரீவி நிறுத்தப்படுவதே இல்லை. அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா, வன்னிக்குள் இருந்தார். மூன்று கிழமையாக ஒரு தகவலும் இல்லை. அப்பா பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை முடிந்ததும் நேரே நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லி நடக்கும் ஊர்வலத்தில் நின்றுவிட்டு வருவார். அப்பா ஆறாம் வகுப்போடு நிறுத்தியவர். அம்மா எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ஊரே இடம்பெயர்ந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, அதற்கப்பாலும் போன முதல் ஆள் நான். அதை எங்கே சொல்லக் கிடைத்தாலும் நான் விடுவதில்லை. இங்கேயும் விடவில்லை.

கவருக்குள் பெற்றோர் நிரப்ப வேண்டிய கேள்விப் படிவம் ஒன்றும் இருந்தது. கிருபா அங்கிள் பேனாவைத் திறந்தார்.

“உங்கள் பிள்ளை பெரியவர்களோடு வாதாடுவதுண்டோ எண்டு கேட்டிருக்கு.”

“சீச்சீ! இல்லையெண்டு போடு” என்றார் அப்பா.

“நான் வாதாடுறனான்தானே?” என்றேன் நான்.

“வாயை மூடு” என்றார் அம்மா.

“விதியளை ஏன் எதுக்கு எண்டு கேக்கிறவளோ?”

“நாங்கள் அப்பிடி வளக்கேல்லை.”

“நித்திரை குறைவோ?”

“எட்டு மணிக்குப் படுத்தாளெண்டா விடியத்தான் எழும்புவாள்” என்றார் அம்மா. முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு மேசைக்கடியில் என்னைப் பிடித்தவர் அவர்தான்.

“கற்பனையாக் கதை கட்டிச் சொல்லுவாளோ?”

“என்ர பிள்ளை பொய் சொல்லாது!” அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. “என்ன கேள்வியள் கேக்கிறாங்கள்? பிள்ளையைப் பழுதாக்கவோ?”

“பொய்யா எழுதுறியள் அப்பா! எல்லாம் பிழை!” என்று நான் கத்தினேன். நான் கத்திக்கொண்டிருந்த அதே நேரம், ‘ஒருபோதும் எதிர்த்துக் கதைக்கமாட்டாள்’ என்ற இடத்தில் கிருபா அங்கிள் அழுத்தமாக இரண்டு கோடு கீறினார். கடைசியில் ‘வேறு குறிப்புகள்’ என்றிருந்த இடத்தில், ‘மிகவும் பணிவான பிள்ளை, கேள்வி கேட்பதில்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். அப்பா ஒப்பமிட்டார். வீட்டு மானம் காப்பாற்றப்பட்டது.

அடுத்த நாள் காலை ஸ்ரொப் அன்ரி என் பையிலிருந்து எட்டிப் பார்த்த கவரைக் கண்டார். கண்டதுதான் தாமதம், உருவி எடுத்துப் பிரித்துவிட்டார். அடுத்தவர் கடிதம்! பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடுத்தெருவில் நின்று வாசித்தார். வாசிக்க வாசிக்க வாய் திறந்தது. கார்கள் வரிசை கட்டின. ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

“பொறடா!” என்று அவனைப் பார்த்துக் கத்தினார். பிறகு என்னிடம் திரும்பினார். “ஐயோ பிள்ளை! உன்ர அப்பா உன்ர கதையை முடிச்சுப்போட்டாரெல்லோ!”

கவரைத் தன் மேலங்கிப் பைக்குள் வைத்துப் பொத்தான் போட்டுக்கொண்டார்.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அம்மா திறந்தார். செம்மஞ்சள் மேலங்கி. பலகை. அம்மா ஓரடி பின்வாங்கினார். உள்ளே ரீவிக்கு முன்னால் அப்பாவும் கிருபா அங்கிளும் இருந்தார்கள்.

“தம்பி, இந்த ஃபோமை ஆர் நிரப்பினது?”

“நான்தான்” என்றார் கிருபா அங்கிள் பெருமையாக.

“நீர் இனிப் பேனை தொடக்கூடாது” என்றார் அன்ரி. மேலங்கிக்குள்ளிருந்து பள்ளிச் சபையின் கையேடு ஒன்றை எடுத்தார். அதன் தமிழ்ப் பிரதியும் இருந்ததாம். தமிழருக்கு விளங்கிவிடக் கூடாது என்று கவனமாக எழுதப்பட்டிருந்ததால், அகராதி வைத்து ஆங்கிலத்திலேயே வாசித்தாராம். “உவை தேடுறது சொல்வழி கேக்கிற பிள்ளையை இல்லை. மறுகதை கதைக்கிற, தோண்டித் தோண்டிக் கேக்கிற, படுக்கையில போட்டாலும் யோசிச்சுக்கொண்டு கிடக்கிற பிள்ளையைத்தான் தேடுகினம். போன வருசம் இந்த பில்டிங்கில மூண்டு பிள்ளையளின்ர பேர் போனது. மூண்டு வீட்டிலயும் ‘தங்கமான பிள்ளை’ எண்டு எழுதி விட்டினம். மூண்டும் போச்சு!”

அப்பா ரீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். “அக்கா, அங்க சனம் சாகுது. நீங்கள் ஒரு தாளைக் கொண்டுவந்து நிக்கிறியள்.”

கிருபா அங்கிள் நிலத்தைப் பார்த்தார்.

“என்ர தங்கச்சியும் மூண்டு பிள்ளையளும் அங்கதான் தம்பி” என்றார் அன்ரி. அவருக்குத் தங்கை இருப்பதே அன்றுதான் எங்களுக்குத் தெரியும். “அதுக்காக நாளைக்குக் காலமை இஞ்சத்தைப் பிள்ளையளை றோட்டில விட்டிட்டு வரேலுமோ? நான் பாக்கிறது இந்த றோட்டு ஒண்டைத்தான்.”

அப்பா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார். அந்தக் கிழமையில் அவர் அதைச் செய்தது அதுதான் முதல் தடவை.

“பேனையால எழுதியாச்சே?”

“ஒபிஸில புது ஃபோம் மூண்டு வாங்கி வைச்சிருக்கிறன். நீங்கள் ஒண்டைப் பழுதாக்குவியள் எண்டு தெரியும். இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. வாதாடுவாளோ?”

அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அம்மாதான் உடைந்தார்.

“கோயிலில ஐயரிட்டக் கேட்டவள் அக்கா, எங்கும் இருக்கிற சாமிக்கு ஏன் இரவில பூட்டுப் போடுறியள் எண்டு. எனக்கு மானம் போச்சு.”

“எழுதிறன், சொல்லும்!”

“மைக்ரோவேவைக் கழட்டினவள்” என்றார் அப்பா.

“எழுதிறன்!”

“திருப்பிப் பூட்டினவள். ரெண்டு ஆணி மிச்சம். இண்டைக்கும் ஓடுது, அதுதான் எனக்குப் பயம்.”

“டொக்டரிட்ட, உங்களுக்கு வருத்தம் வந்தா நீங்கள் ஆரிட்டப் போவியள் எண்டு கேட்டவள்” என்றார் அம்மா.

“எனக்கு இங்கிலிஸ் பிழையாம்” என்றார் கிருபா அங்கிள், இத்தனை நாள் மனதுக்குள் வைத்திருந்ததை.

“அதையும் எழுதிறன்!”

இவர்களுக்கு என்மேல் இவ்வளவு முறைப்பாடு இருக்கிறது என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. ஒவ்வொன்றாக வந்து விழ, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். படிவத்தில் இடம் முடிந்தது. அன்ரி தனித்தாள் ஒன்றை இணைத்தார். அதுவும் நிரம்பியது. மாமியின் திருமண வீட்டில் மணப்பெண்ணான மாமியிடமே நான் கேட்ட கேள்வியை அம்மா சொன்னபோது, அப்பா சிரித்துவிட்டார். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு தான் சிரித்ததை உணர்ந்து திடுக்கிட்டு நிறுத்தி, ரீவியைப் பார்த்தார்.

படிவம் போனது. ஒரு உளவியலாளர் வந்து என்னைத் தனி அறையில் இருத்தி, கட்டைகளும் படங்களும் சொற்களுமாக ஒரு காலைப் பொழுது முழுக்கச் சோதித்தார். பிறகு தெரிவுக் குழுவின் கூட்டத்துக்குக் கடிதம் வந்தது. பெற்றோரில் ஒருவர் வந்து ஒப்பமிட்டால்தான் அந்த வருடம் இடம். அம்மாவுக்குத் துப்புரவு வேலையில் லீவு கிடைக்கவில்லை. அப்பா போவதாக முடிவானது. நாள், மே மாத நீள வார இறுதிக்கு அடுத்த செவ்வாய், காலை பத்து மணி.

அந்தத் திங்களன்று எல்லாம் முடிந்துவிட்டதாக ரீவி சொன்னது. செவ்வாய் காலை அப்பா அதே கதிரையில் அதே உடுப்போடு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

“நான் வரேல்லை பிள்ளை” என்றார். நான் வாதாடவில்லை. என் வாழ்க்கையில் கிருபா அங்கிள் முதல் படிவத்தில் எழுதியபடி நான் நடந்துகொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

தெருவில் அன்ரி நிற்கமாட்டார் என்று நினைத்துப் போனேன். நின்றார். கண்கள் வீங்கியிருந்தன. எங்களைப் பார்த்தார், பலகையை உயர்த்தினார், கையால் போகச் சொன்னார். கேள்வி இல்லை. ஒரு பிள்ளையும் அசையவில்லை. கேள்வி இல்லாமல் அந்தத் தெருவைக் கடந்து எங்களுக்குப் பழக்கமில்லை.

“அன்ரி, கேள்வி?” என்றேன்.

“இண்டைக்கு என்னட்ட இல்லை மோனை. வேணுமெண்டா நீ கேள்.”

எனக்கு ஒரு கேள்விதான் இருந்தது. “உங்கட தங்கச்சி?”

“தெரியாது” என்றார்.

பிறகு பலகையைக் கீழே தொங்கவிட்டபடி நடந்துபோய், வரிசையின் கடைசியில் நின்றார். கார்கள் நின்றன. அன்று ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை.

பத்து மணிக்குப் பள்ளிக்கூட ஒபிஸ் வாசலில் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஒபிஸ் பெண்மணி மணிக்கூட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பத்து ஐந்து. பத்துப் பத்து. கதவு திறந்தது. முதலில் பலகை வந்தது. பின்னால் அன்ரி. அவருக்குப் பின்னால், சேர்ட் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு அப்பா.

நடந்ததை அப்பா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். காலை வேலை முடிந்ததும் அன்ரி நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, ரீவிக்கு முன்னால் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். “விலகுங்கோ அக்கா, என்ர அண்ணை” என்றாராம் அப்பா. “என்ர தங்கச்சி” என்றாராம் அவர். “ரெண்டு பேரையும் உந்தப் பெட்டிக்குள்ள தேடினது போதும். எழும்பு.”

அறைக்குள் மூன்று அதிகாரிகள். அன்ரி பலகையை மேசைமேல் வைத்தார். மூவரும் அதைப் பார்த்தார்கள், ஒன்றும் கேட்கவில்லை. உளவியலாளர் எங்கள் தனித்தாளை வாசித்து, மைக்ரோவேவில் வந்து சிரித்தே விட்டார். எனக்கு இடம் உண்டு என்றார்கள். வேறு பள்ளிக்கூடம், செப்டெம்பரில் தொடக்கம்.

“ஏதாவது கேள்வி உண்டா?” என்று குழுவின் தலைவி அப்பாவிடம் கேட்டார்.

எந்த ஒபிஸில் இதைக் கேட்டாலும் எங்கள் ஆட்களிடம் ஒரே பதில்தான் இருக்கும். “நோ குவெஸ்ரியன், தாங்க்—” என்று அப்பா தொடங்கினார். பலகை மேசையிலிருந்து எழுந்தது. அப்பா நின்றார். யோசித்தார். கனடாவில் ஒரு அதிகாரியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“பஸ் வருமோ?”

“வரும். உங்கள் கட்டட வாசலிலேயே ஏற்றும்” என்றார் தலைவி.

நான் அன்ரியைப் பார்த்தேன். ஐயரையும் மேலதிகாரியையும் அதிரவைத்த அந்த முகம் அப்படி அதிர்ந்து நான் கண்டதில்லை. இவ்வளவும் செய்தவர் இதை மட்டும் யோசிக்கவில்லை. “அப்ப இவள் இனி என்ர றோட்டைக் கடக்கமாட்டாளோ?” என்று தமிழில் கேட்டார். யாரும் மொழிபெயர்க்கவில்லை. அப்பா ஒப்பமிட்டார்.

ஆடி மாதம் அன்ரியின் தங்கை முகாமிலிருந்து பேசினார். பெரியப்பா பேசவில்லை. இன்றுவரை இல்லை.

செப்டெம்பர் முதல் நாள், மஞ்சள் பஸ் எங்கள் வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு அந்தத் தெருவழியே போனது. கடப்பதற்கு ஒரு பிள்ளையும் இல்லை. ஆனாலும் நடுத்தெருவில் பலகை உயர்ந்து நின்றது. பஸ் கிரீச்சிட்டு நின்றது. அன்ரி நிதானமாக என் ஜன்னலுக்குக் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

“நித்திரையில கண் மூடியிருக்கு, கனவு எதாலை பாக்கிறாய்?”

ஓட்டுநர் தலையில் கைவைத்தார். நான் பதில் சொன்ன பிறகுதான் பஸ் நகர்ந்தது. அந்தப் பஸ் ஐந்து வருடம் ஒவ்வொரு நாளும் இரண்டு நிமிடம் பிந்தித்தான் போனது.

இப்போது நான் ரீச்சர். மில்லிக்கன் பக்கம் நாலாம் வகுப்பு. கிருபா அங்கிள் என் நியமனக் கடிதத்தையும் இரண்டு தடவை வாசித்துப் பார்த்துத்தான் நம்பினார். அன்ரி முழங்கால் வலியோடு யூனியன்வில்லில் தங்கையின் மகளோடு இருக்கிறார். போன கிழமை அவரை அழைத்து, என் வகுப்புப் பெற்றோருக்கு நான் எழுதிய நாலு வரியை வாசித்துக் காட்டினேன். “தயவுசெய்து உங்கள் பிள்ளையின் குழப்படிகளை மறைக்க வேண்டாம். வாதாடினால் வாதாடுவாள் என்றே எழுதுங்கள். மானம் போகாது. இடம் போதாவிட்டால் தாள் இணைக்கவும்.”

“உதில தயவுசெய்து என்னத்துக்கு? எடு அதை” என்றார்.

எடுத்துவிட்டேன். அடியில் சின்னதாக ஒரு எட்டு மூலைப் பலகை கீறி, திங்கட்கிழமை அதே ‘கிஃப்டெட்’ கேள்விப் படிவங்களோடு சேர்த்து வீடுகளுக்கு அனுப்பிவிட்டேன். செவ்வாய் காலை பிள்ளைகள் வகுப்பு வாசலில் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்ற ஒருத்தி, வாயே திறக்காத பிள்ளை என்று எல்லோரும் சொல்லும் ஒருத்தி, அந்தத் துண்டை நீட்டினாள்.

“மிஸ், இதுக்கு ஏன் எட்டு மூலை?”

“தெரியாது” என்றேன். சொல்லிவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன்.